ஏழு கிலோவும் ஏழு கன்னிமாரும்

தோட்டத்துத் தண்ணிக் குளத்தின் அடியில், கன்னிமாரில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக என் இடுப்பைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்தார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீங்க. ஒரு நிமிசம் இரண்டு நிமிசம் இல்லை, முழுசாக நாலு நாள் நம்பினேன். ஏழு பேரில் ஏன் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள் என்று ஒருத்தர் கேட்டதற்கு, மற்ற ஐந்து பேரும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருப்பார்கள் என்று பதில் வேறு சொன்னேன். அந்த அளவுக்கு உறுதியாக இருந்தேன்.

இதில் கேவலம் என்னவென்றால், அதற்கு முன் ஐம்பத்தோரு வருசம் நான் பேய் பிசாசு எதையுமே நம்பாத ஆள். மடுல்சீமை ரோட்டில் எந்த வளைவில் யார் நிற்கிறாள், எந்த மரத்தில் யார் தொங்குகிறான் என்று எங்கள் ஆட்கள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்த ரோட்டில்தான் நான் திரீவீல் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு பேயும் கை காட்டி வண்டியை நிறுத்தவில்லை. அதற்கும் முன்னாடி பதினாறு வருசம் மாலைதீவில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்வந்தவன் நான். சுறா பார்த்திருக்கிறேன், மூழ்கின கப்பலுக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். பசறையில் இன்றைக்கும் எனக்கு மாலைதீவு செல்வம் என்றுதான் பேர். அப்படிப்பட்டவன், தேயிலை மலைக்கு நடுவில் இருக்கிற முப்பது அடி ஆழக் குளத்தில் “அம்மா” என்று கத்தினேன் என்றால் நீங்க நம்புவீங்களா? நம்பாட்டியும் பரவாயில்லை, மச்சானுடைய போனில் வீடியோ இருக்கிறது.

விசயம் இதுதான். என் அக்கா புஷ்பத்தைக் கட்டிக்கொடுத்த தோட்டம் மடுல்சீமைக்கு மேலே. பேர் வேண்டாம். அங்கே தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குக் குடிக்கிற தண்ணி, வெள்ளைக்காரன் காலத்தில் கல் அணை கட்டிய ஒரு குளத்திலிருந்து குழாயில் வருகிறது. குழாய் வாய் குளத்தின் அடியில், ஒரு கொங்கிறீட் மேடைக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பி அடைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கம்பியை ஏதோ அடைத்துவிட்டது. தண்ணி நின்று பன்னிரண்டு நாள். தோட்ட ஆபீசில் துரையிடம் போய்ச் சொன்னால், பதுளையில் இருந்து பெரிய பம்ப் வரும், குளத்தை இறைத்துவிட்டுச் சுத்தம் பண்ணலாம், அடுத்த மாதம் என்றார்கள். அதுவரைக்கும் பெண்கள் எட்டு மணித்தியாலம் கொழுந்து எடுத்துவிட்டு, பள்ளத்தில் இருக்கிற ஓடைக்கு இறங்கிக் கேனில் தண்ணி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அக்காவின் மருமகள் அப்போது பிள்ளை பெற்று இருபது நாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துவைக்கிறதுக்கு எவ்வளவு தண்ணி வேண்டும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அக்கா போனில் கேட்டது ஒரே கேள்வி. “ஏண்டா, ஊரெல்லாம் தண்ணிக்குள்ள போனேன் போனேன்னு சொல்றியே, இந்தத் தண்ணிக்குள்ள போக மாட்டியா?”

ரோசம் வந்துவிட்டது. ரப்பர் உடுப்பு, காற்று ஊதுகிற ஜாக்கெட், மாஸ்க், காலுக்குத் துடுப்பு எல்லாம் என்னிடம் மூட்டையாகக் கிடந்தது. திருகோணமலையில் இருக்கிற பழைய கூட்டாளி ஒருவன் காற்று நிரப்பிய சிலிண்டர் இரண்டை மரக்கறி லொறியில் போட்டு அனுப்பினான். இல்லாதது ஈயக்கட்டி மட்டும்தான். ஈயத்தை யார் பிளேனில் காசு கொடுத்துத் தூக்கி வருவான்?

ஈயக்கட்டி எதற்கு என்று கேட்பீங்க. இந்தத் தொழிலில் முக்கால்வாசி சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ரப்பர் உடுப்பும் நம்முடைய சொந்தக் கொழுப்பும் சேர்ந்து ஆளை மேலேயே வைத்திருக்கும், கீழே போகவே முடியாது. அதனால் இடுப்பில் எடை கட்டுகிறோம். குறைவாகக் கட்டினால் பந்து மாதிரி மேலே மிதப்போம். கூடக் கட்டினால் அம்மிக்கல் மாதிரி அடிக்குப் போவோம். சரியாகக் கட்டினால் மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு சாண் ஏறுவோம், விட்டால் ஒரு சாண் இறங்குவோம், அந்தரத்தில் நிற்கிற சுகம் அது. கடலில் எனக்குப் பத்துக் கிலோ கணக்கு. உப்புத் தண்ணி ஆளைத் தூக்கும், நல்ல தண்ணி அவ்வளவு தூக்காது, ஆகவே மூன்று கிலோ கழிக்க வேண்டும், ஏழு. இதை அக்காவின் புருசன், மச்சான் முத்தையாவிடம் விரலை மடக்கி மடக்கி விளக்கினேன். அவர்தான் தோட்டத்தில் குழாய் பார்க்கிறவர்.

“மாப்ள, நீ படிச்சிருந்தா என்ஜினியர் ஆகியிருப்ப,” என்றார் மச்சான். உண்மையாகச் சொன்னாரா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெக்டரிக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புத் துண்டுகளைப் பொறுக்கினோம். அக்கா, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கட்டுகிற படங்குத் துணியில் இரண்டு பை தைத்து, என் பழைய பெல்ட்டில் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். பைக்கு மூன்றரைக் கிலோ, ஆக மொத்தம் ஏழு. நிறுப்பதற்கு எங்கே போவது? கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குத்தான். கணக்கப்புள்ளை நல்ல மனுசன், தானே வாங்கித் தொங்குகிற தராசில் மாட்டினார். “மூணு அரை. சரியா செல்வம்?” “சரிங்கய்யா.” அடுத்த பை. அதுவும் மூன்றரை. மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

பெல்ட்டைக் கட்டும்போது கனமாகத்தான் இருந்தது. ஆறு வருசமாகத் தண்ணிக்குள் போகாத உடம்பு, பத்தாததற்கு வயசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொப்பைக்கு மேல் இழுத்து இறுக்கி பக்கிளைப் பூட்டினேன். அந்த பக்கிள் அவசரத்துக்கென்றே செய்தது, ஒரே இழுப்பில் திறந்து பெல்ட் கழன்று விழும்.

அணைப் பக்கம் போனால் திருவிழாக் கூட்டம். பன்னிரண்டு நாளாகத் தண்ணி தூக்கின பெண்கள் எல்லோரும் நிற்கிறார்கள். குளக்கரையில் மஞ்சள் பூசி ஏழு கல், அதுதான் கன்னிமார். தண்ணிக்குள் இறங்குகிறவர்கள் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

“தொட்டுட்டுப் போடா.”

“அக்கா, நான் சுறாவையே தொட்டவன்.”

“மாப்ள, இந்தக் கயிறையாவது கட்டிக்க.”

“கயிறு கட்டி இறங்க நான் என்ன வாளியா மச்சான்?”

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கரையோரத் தண்ணியில் ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டுவிட்டு, மூச்சை அடக்கிச் சும்மா நிற்க வேண்டும். தண்ணி கண் மட்டத்தில் நின்றால் எடை சரி. மூச்சை விட்டால் மெதுவாகத் தாழ வேண்டும். இதை நூற்றுக்கணக்கான பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், செய்யாதவனைத் திட்டியும் இருக்கிறேன். அன்றைக்கு அத்தனை பேர் பார்க்கும்போது கரையோரம் நின்று தலையை முக்கி முக்கிப் பார்த்தால் மரியாதையா? அணை மேலிருந்து ஒரு காலை நீட்டிப் பாய்ந்தேன்.

பாய்ந்தவன் நிற்கவே இல்லை.

ஜாக்கெட்டில் காற்று ஊத ஒரு பொத்தான், காற்றை வெளியே விட ஒரு பொத்தான், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நான் அழுத்து அழுத்து என்று அழுத்தினது எது என்று நினைக்கிறீங்க? வெளியே விடுகிறதை. பதினாறு வருச அனுபவம். காது வலிக்கிறது, தண்ணியின் பச்சை கறுப்பாகிறது, அடுத்த நொடி இரண்டு காலும் முழங்கால் வரை சேற்றுக்குள். சேறு புகை மாதிரி கிளம்பி என் கையே எனக்குத் தெரியவில்லை. ஐஸ் தண்ணி. அப்போதுதான் இடுப்பில் அந்தப் பிடி தெரிந்தது. இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை. சும்மா பாரம் இல்லை, உட்காருடா என்று அமுக்குகிற பிடி. நான் உதற உதற இன்னும் உள்ளே போகிறேன்.

தொடாமல் வந்த கல் ஏழும் கண் முன்னால் நின்றது. வாயில் காற்று வருகிற ரெகுலேட்டரை வைத்துக்கொண்டே கன்னிமாருக்கு ஒரு கிடாய் நேர்ந்தேன். கன்னிமார் சைவம் என்கிறது உடனே ஞாபகம் வந்து, கிடாயை வாபஸ் வாங்கி, பொங்கலாக்கினேன். சாராயத்தை விடுகிறேன் என்றேன். பிடி விடவில்லை. அவர்களுக்கும் என்னைப்பற்றித் தெரிந்திருக்கிறது. கடைசியில் பேரம் எல்லாம் தீர்ந்து, “அம்மா” என்று அடித்தொண்டையில் கத்தினேன். அந்த நேரத்தில்தான் இடுப்பில் இருந்த இரண்டு கையும் விட்டது.

முக்கிப் பிடித்த பந்தை விட்டால் எப்படி வரும், அப்படி வந்தேன். இடுப்பு வரைக்கும் தண்ணிக்கு வெளியே எழும்பி மறுபடி விழுந்தேன். அப்படி ஏறும்போது மூச்சை அடக்கினவனுக்கு நெஞ்சு கிழியும். நான் கத்திக்கொண்டே வந்ததால் உயிரோடு இருக்கிறேன், ஆகவே பயத்தை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். கரையில் இழுத்துப் போட்டபோது இடுப்பில் பெல்ட் இல்லை, மாஸ்க் நெற்றியில், தலையில் பாசி, வாயில் “தாயே தாயே”. சாமி வந்துவிட்டது என்று நினைத்து யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். நானும் மறுக்கவில்லை.

அடுத்த நாலு நாள் நான் அந்தத் தோட்டத்தில் கன்னிமார் தொட்ட ஆள். கூப்பிட்டுக் கூப்பிட்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. முதல் வீட்டில் வெறும் கை, நாலாவது வீட்டில் வளையல் சத்தமும் கேட்டது. பெல்ட் எப்படிக் கழன்றது என்று மச்சான் கேட்டதற்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன்: தெரியவில்லை, பழகின கை, பயத்தில் தானாக பக்கிளை இழுத்திருக்கும்.

ஆனால் என் கதையால் நடந்தது இன்னொன்று. இனி யாரும் அந்தக் குளத்தில் இறங்கக்கூடாது என்று லயத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள். ஆபீசுக்கும் அது வசதியாகப் போயிற்று, பம்ப் வரட்டும், பார்க்கலாம். நாலாம் நாள் பொழுது சாய, ஓடைப் பாதையில் அக்கா தண்ணிக் கேனோடு வழுக்கி விழுந்தாள். முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே குழந்தை அழ, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறேன். அந்த டீயும் அவள் தூக்கின தண்ணி.

குற்ற உணர்ச்சி வந்தால் எனக்குப் பேச்சுத்தான் வரும். “ஏழே கிலோ அக்கா, கணக்கெல்லாம் சரி, ஏழு கிலோவுக்கு அப்படி இழுக்கவே இழுக்காது,” என்றேன்.

அக்கா முழங்காலில் எண்ணெய் தேய்க்கிறதை நிறுத்தினாள். “எங்க நிறுத்துப் பாத்த?”

“மடுவத்துல.”

“எத்தன தரம்?”

“ரெண்டு பை. ரெண்டு தரம்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தாள். “டேய் மடையா, அந்தத் தராசு மூணு கிலோ கழிச்சுத்தானே காட்டும்! தண்ணிக்கும் சாக்குக்கும்னு கழிக்கிறது. மழ பெஞ்சாலும் கழிக்கும், வெயிலடிச்சாலும் கழிக்கும். கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தரத்துக்கும் மூணு.”

மச்சான் வாசல்படியில் எழும்பி நின்றுவிட்டார். “எனக்குத் தெரியாதே!”

“நீங்க என்னைக்குக் கொழுந்து எடுத்தீங்க?”

இரண்டு தரம் மூன்று, ஆறு. ஆறும் ஏழும் பதின்மூன்று. கடலுக்கே பத்துப் போதும் என்கிற நான், நல்ல தண்ணிக்குள் பதின்மூன்று கிலோ இரும்பைக் கட்டிக்கொண்டு, அணை மேலிருந்து பாய்ந்து, மேலே ஏற்றுகிற காற்றையும் நானே திறந்துவிட்டிருக்கிறேன். இடுப்பில் இரண்டு கை என்றேனே, அக்கா தைத்த இரண்டு பை!

நான் சும்மா இருக்கிற ஆளா? மறுநாள் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு, கடையில் வாங்கின பத்துக் கிலோ மா பையை வாய் தைத்தபடியே மடுவத்துக்குத் தூக்கிப் போனேன்.

“ஐயா, இதைக் கொஞ்சம் மாட்டிப் பாருங்க.”

கணக்கப்புள்ளை யோசிக்காமல் மாட்டிவிட்டார். ஏழு என்று காட்டியது.

“தண்ணிக்குக் கழிக்கிறது செல்வம்,” என்றார், குரல் இறங்கி.

“மா எங்கங்கய்யா நனைஞ்சிருக்கு? அன்னைக்கு என் இரும்பை நிறுக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாமே. செத்திருப்பேன்.”

“நீங்க கேக்கலையே.”

வரிசையில் நின்ற பெண்கள் தராசுக்குக் கிட்ட வந்தார்கள். ஆளாளுக்கு அந்த எண்ணைப் பார்த்தார்கள், அப்புறம் அவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். மனுசனுக்கு அந்தக் குளிரில் வேர்த்தது. அன்றைக்கு நிறுத்த கொழுந்துக்கு அவர் ஒன்றும் கழிக்கவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். அதற்கப்புறம் அங்கே நடந்தது பெரிய கதை, அதை அந்தப் பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானமே லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, கன்னிமார் என்னைத் தொடவே இல்லை, என்னைத் தொட்டது தராசு என்று சொன்னேன். வளையல் சத்தத்தையும் வாபஸ் வாங்கினேன். ரொட்டி கொடுத்தவர்கள் திட்டினார்கள், கொஞ்சம் பலமாகவே. மருமகள் மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப நாளைக்கு எறங்குவீங்களா மாமா?” என்று கேட்டாள்.

இறங்கினேன். கடைத்தராசில் நிறுத்த ஏழு கிலோ, புதுசாகக் கட்டின பட்டையில். கயிறும் கட்டிக்கொண்டேன், வாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லையும் தொட்டேன். நம்பிக்கையில் இல்லை, அக்கா நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள், அதனால். கரையோரம் நின்று ஜாக்கெட் காற்றை விட்டேன், மூச்சை அடக்கினேன், தண்ணி வந்து கண் மட்டத்தில் அப்படியே நின்றது. மூச்சை விட்டேன், மெதுவாகத் தாழ்ந்தேன். ஆயிரம் தரம் செய்த வேலை, அன்றைக்குத்தான் அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க முடியாது.

சேற்றில் கால் வைக்கவே இல்லை. ஒரு முழம் மேலே அந்தரத்தில் நின்று வேலை செய்தேன். எடை சரியாக இருந்தால் சேறு கிளம்பாது, சேறு கிளம்பாவிட்டால் கண் தெரியும். கம்பி அடைப்பு முழுக்க உரச்சாக்கும் மானாப் புல்லும். பதினைந்து நிமிசம் இழுத்து இழுத்து எடுத்தேன். கடைசிச் சாக்கு வந்ததும் குழாய் தண்ணியை உறிஞ்சுகிற இழுப்பு கையில் தெரிந்தது. லயத்தில் எல்லோரும் தண்ணி பிடிக்கிற பீலிக் குழாய் முதலில் காற்றாகக் கனைத்து, அப்புறம் சிவப்பாக வந்து, அப்புறம் நல்ல தண்ணி வந்ததாம். அங்கே பெண்கள் போட்ட கூச்சல் அணை வரைக்கும் கேட்டது என்று மச்சான் சொன்னார்.

அதோடு முடித்திருக்கலாம். ஏறுவதற்குத் திரும்பும்போது, அடைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கொங்கிறீட் மேடையில் என் பழைய பெல்ட்டைப் பார்த்தேன். சேற்றில் இல்லை, மேடையில் இருந்தது. இரண்டு பையும் இரண்டு பக்கமும் இரும்போடு அப்படியே. நான் அதை அவிழ்க்கவில்லை, கையில் கோத்தபடியே கயிற்றை ஆட்டினேன், மேலே இழுத்தார்கள்.

கரையில் மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் படுக்க வைத்து, கால் வழியாக அதைப் போட்டு மேலே இழுத்துப் பார்த்தார். துடுப்பைக் கழற்றிவிட்டும் பார்த்தார். தொடையில் பாதிக்கு மேல் ஏறவில்லை. தலைவழியாகப் போட்டுப் பார்த்தோம், தோளைத் தாண்டவில்லை.

பக்கிள் பூட்டியபடி இருந்தது.